அழுக்கு ரயிலுக்கு ஆயுத பூஜை

பின்பக்கத் துணி துவைக்கும் கல்லின்மேல் என் ரயில் குளித்துக்கொண்டிருந்தது.

குளிப்பாட்டியவள் என் மனைவி வசந்தா. இடது கையில் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். வலது கையில் ஒரு பழைய டூத் பிரஷ். சக்கரங்களுக்கு நடுவில், ஜன்னல் கம்பிகளுக்கு அடியில், கூரையின் மடிப்புகளில் என்று ஓர் இடம் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வாளியில் சோப்பு நுரை ததும்பியது. கல்லிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் வழிந்து வாழைமரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து அப்போதுதான் வந்து நின்றேன். ஒரு கையில் பூசணிக்காய், இன்னொரு கையில் பொரி கடலைப் பை, கக்கத்தில் வாழையிலைக் கட்டு. அன்று ஆயுத பூஜை.

"ஏங்க, வந்துட்டீங்களா? இதைப் பாருங்களேன், எவ்ளோ அழுக்கு! எத்தனை மாசமா தொடைக்காம வெச்சிருந்தீங்க? மூணு தண்ணி மாத்திட்டேன்."

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்தப் பழுப்புத் தண்ணீரோடு வாழைக்குப் போய்ச் சேர்ந்தது, ஆனி மாதத்திலிருந்து நான் செய்த வேலை.

யாரும் ஏறாத வண்டிகள்

சென்ற வாரம் இந்தப் பகுதியில் நான் எழுதிய, மாம்பலம் நெரிசலில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்த கதையைப் படித்துவிட்டு, 'ரிட்டயர் ஆன பிறகும் ரயில் பைத்தியம் விடவில்லையா?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். விடவில்லை ஐயா, முற்றிவிட்டது.

கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம் முழுக்க, தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூர் வீட்டையும் வேலையையும் சேர்த்து வைத்தது மின்சார ரயில்தான். ஓய்வு பெற்றதும் வேலையை விட முடிந்தது, ரயிலை விட முடியவில்லை. மாடி அறையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து ரயில் பெட்டிகள் செய்ய ஆரம்பித்தேன். ஒரு பெட்டி ஒரு சாண் நீளம் வரும்.

முதலில் செய்தவை எல்லாம் பளபளவென்று இருக்கும். ஹால் ஷோகேஸில் வைத்து, வசந்தாவே வாரம் தவறாமல் துடைப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் 'சூப்பரா இருக்கு சார்' என்று சொல்லிவிட்டு டிபனில் கவனமாகிவிடுவார்கள். எனக்கு மட்டும் ஏதோ குறை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு மழை நாளில் சானடோரியம் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தபோது அது புரிந்தது. எதிர்ப் பிளாட்பாரத்தில் வந்து நின்ற வண்டி உச்சி முதல் சக்கரம் வரை அழுக்கு. அந்த அழுக்கால்தான் அதைப் பார்த்ததும் ஏறி உட்கார வேண்டும் போலிருந்தது. என் ஷோகேஸில் நின்றவை யாரும் ஏறாத வண்டிகள். அன்றைக்கே முடிவு செய்தேன், அடுத்த ரயிலை அழுக்காக்குவதென்று.

சிரிக்காதீர்கள். உலகம் முழுக்க இதை ஒரு கலையாகச் செய்கிறார்கள். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ரயிலைச் சிறிதாக்கினால் அதன்மேல் படியும் தூசியையும் சிறிதாக்க வேண்டும். தெருப் புழுதியை அள்ளிப் போட்டால் அந்தச் சின்னப் பெட்டியின்மேல் பாறைகள் உருண்டு கிடப்பதுபோல் இருக்கும். அதனால் செங்கல்லை இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, மறுபடி அரைத்து, மறுபடி சலிப்பேன். பிரேக் தேய்ந்து வண்டியின் அடியில் படியும் தூளுக்கு அந்தச் செங்கல் பொடி. கூரைக்கு விளக்குக் கரி. மழைநீர் வழிந்த கறைக்குக் காபி டிகாக்‌ஷன்.

பொதுவான தூசிக்கு விபூதி. அதைவிட நைசான பொடி தாம்பரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பூஜை அறையில் விபூதிக் கிண்ணம் சீக்கிரம் சீக்கிரமாகக் காலியாவதைப் பார்த்து, எனக்கு பக்தி வந்துவிட்டது என்று வசந்தா தன் தங்கையிடம் போனில் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

அவளிடம் விஷயத்தைச் சொல்லவே இல்லையா என்று கேட்பீர்கள். சொன்னேன். 'ரியலா தெரியறதுக்குக் கொஞ்சம் கலர் ஏத்தறேன்' என்று சொன்னேன். அழுக்கு என்ற வார்த்தையை அந்த வீட்டில் வாயில் எடுக்க எனக்கு தைரியம் கிடையாது. பள்ளிக்கரணைப் பக்கம் குப்பை எரிந்தால் எங்கள் ஜன்னல் விளிம்பைத் துடைத்த துணியைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பல்லாவரம் கல்குவாரிப் பக்கமிருந்து காற்று வந்தாலும் சொல்லிவிடுவாள். தூசியோடு அவளுக்கு அவ்வளவு பழக்கம், அவ்வளவு விரோதம்.

ஏழுமலைக்காக

அந்த ரயிலை நான் ஷோகேஸுக்காகச் செய்யவில்லை. ஏழுமலைக்காகச் செய்தேன்.

ஏழுமலை எங்கள் தெருக்காரர், மின்சார ரயில் டிரைவர். இரும்புலியூரின் பழைய குடும்பம். ஏரிக்கரையில் அவர் அப்பா நெல் போட்ட இடத்தில் இப்போது தம்பிமார்கள் மாடி மேல் மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். 'நீயும் வா, குந்திகினு துன்னலாம்' என்று அவர்கள் எத்தனையோ முறை கூப்பிட்டும், இவர் கடைசி வரை ரயிலை விட்டு இறங்கவில்லை.

நான் எப்போதும் முதல் பெட்டியில்தான் ஏறுவேன். நடுவில் ஒரே ஒரு தகடுதான், அந்தப் பக்கம் ஏழுமலை. நேரம் ஒத்து வந்தால் தாம்பரத்தில் இறங்கி, டீ குடித்துவிட்டு, பேசிக்கொண்டே ஒன்றாக வீட்டுக்கு நடப்போம். வண்டியைப் பற்றி மட்டும் அவர் அதிகம் பேச மாட்டார். "அது இன்னா சார், ஓடிகினே கீது" என்பதோடு சரி.

ஆயுத பூஜை வந்த அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அவர் ஓட்டிய பச்சை நிற வண்டியின் முகப்புப் பெட்டியை அச்சு அசலாகச் செய்து அவர் கையில் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்ததும் தன் வண்டி என்று அவருக்குத் தோன்ற வேண்டும். வேறு எந்த வண்டியாகவும் தோன்றக் கூடாது. என் ஆசை அவ்வளவுதான், ஆனால் அது பெரிய ஆசை.

இன்னொரு விஷயமும் இருந்தது. சித்திரை வாக்கில் என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. காபி டம்ளரை வைக்கும்போது டபராவில் தாளம் போடும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "இதோட பழகிக்கணும் சார்" என்றார். ஜன்னல் கம்பிகளையும் பக்கவாட்டுக் கோடுகளையும் நல்லவேளையாக அதற்கு முன்பே முடித்திருந்தேன். நான் செய்யும் கடைசி ரயில் இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

மேலே ஒரு பூச்சு வார்னிஷ் அடித்திருந்தால் சோப்புக்கு அழுக்கு அசைந்திருக்காது. காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் வெளுத்துப்போகும் என்று ஒரு நல்ல வெயில் நாளுக்காகக் காத்திருந்தேன். வெயிலுக்கு முன்னால் ஆயுத பூஜை வந்துவிட்டது.

பொம்மை இல்லையாம்

எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் எல்லாவற்றுக்கும் இடமுண்டு. அரிவாள்மனை, வசந்தாவின் தையல் மிஷின், என் ஸ்கூட்டர், எங்கள் பெண் விட்டுப்போன பழைய லேப்டாப், மிக்ஸி. என் ரயில்களுக்கு மட்டும் இருந்ததில்லை. ஒரு வருடம் நானே ஒரு பெட்டியை நைசாகக் கொண்டுபோய் வைத்தேன். "பொம்மைக்கெல்லாம் பொட்டு வெக்கறதில்லை" என்று எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

இந்த முறை சாமி படத்துக்கு எதிரே, தையல் மிஷினுக்கும் முன்னால், என் ரயில் பளபளவென்று நின்றது. முகப்பில் சந்தனம், அதன்மேல் குங்குமம், கூரையில் ஒரு சாமந்திப் பூ. பக்கத்தில் என் பிரஷ்கள் எல்லாம் கழுவிச் சுத்தமாக வரிசையில் இருந்தன.

நான் பொரியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். வசந்தா அருகில் வந்தாள்.

"என்னாச்சுங்க? முகமே சரியில்லை."

"இல்ல, இதை நீ ஏன் இந்த வருஷம் வெச்சேன்னு யோசிச்சேன்."

"வருஷா வருஷம் உங்க ஆபீஸ் பேனாவை வெப்போம். இப்போ உங்களுக்குன்னு ஒண்ணும் இல்லையேன்னு இருந்துச்சு. அப்புறம் தோணுச்சு, இதுதானே இப்ப உங்க ஆயுதம்? நாள் பூரா இதோடதானே உக்காந்திருக்கீங்க. சாமி முன்னாடி வெக்கற ஆயுதத்தை அழுக்கா வெப்பாங்களா? அதான் கழுவினேன்."

காலையிலிருந்து மனசுக்குள் நான் திட்டித் தீர்த்திருந்த வசவுகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. என் ரயில் ஆயுதம் ஆன அதே நாளில் பாழாகியும் போயிருந்தது. எதை நினைத்து அழுவது, எதை நினைத்துச் சிரிப்பது?

கடைசியில் சொல்லிவிட்டேன். அந்த அழுக்கு நான் பூசியது என்று சொன்னேன். ஏழுமலைக்கு என்று சொன்னேன்.

அவள் ரயிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்போ அந்த விபூதி?"

"அதுலதான் போச்சு."

"நான் என் தங்கச்சிகிட்ட வேற சொல்லிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம், "சரி, திரும்பப் பூசுங்க. நாள் இருக்குல்ல?" என்றாள்.

நான் வலது கையை நீட்டிக் காட்டினேன். விளக்கு வெளிச்சத்தில் அதன் நிழல் சுவரில் ஆடியது. அவளுக்குக் கை நடுங்குவது தெரியும். இந்த ரயிலோடு என் வேலை முடிகிறது என்பது அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"கோடு போடத்தானேங்க கை நிக்கணும்? அழுக்கு என்ன ஸ்கேல் வெச்சா விழுது?" என்றாள். "எனக்குத் தெரியாத அழுக்கா? நாளைக்குக் கிளம்புங்க. போய்ப் பார்த்துட்டு வருவோம்."

பிளாட்பாரம் டிக்கெட்

அழுக்கைப் பார்ப்பதற்கென்று பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிய தம்பதி தாம்பரம் ஸ்டேஷனில் நாங்களாகத்தான் இருப்போம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வண்டிகள் வருவதும் போவதுமாக இருந்தன. நாங்கள் எதிலும் ஏறாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நான் முன்பு பார்த்ததெல்லாம் நுனிப்புல். அன்று அவளோடு நின்றபோதுதான் நிஜமாகப் பார்த்தேன்.

"அடியில இருக்கற பழுப்பு மண்ணு இல்லைங்க. இரும்பு," என்றாள். "உங்க ஆபீஸ் சட்டைக் காலர்ல தினமும் இதுதான் வரும். செங்கல் நிறம் மாதிரி தெரியும், ஆனா இன்னும் கொஞ்சம் கருப்பு ஏறணும். எத்தனை வருஷம் தேய்ச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

நான் மாதக்கணக்கில் சலித்த செங்கல் பொடியில் குறைந்தது அதுதான். விளக்குக் கரியைக் கொஞ்சம் கலந்திருந்தால் சரியாகியிருக்கும்.

கூரையிலிருந்து கறுப்பு நீர் இறங்கி, ஒவ்வொரு ஜன்னலின் மூலையிலும் ஒரு கணம் தயங்கி, பிறகு கீழே ஓடியிருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் அந்த ஓட்டம் வேறு. வாசலுக்குப் பக்கத்தில் வெற்றிலை எச்சில் காய்ந்து வரி வரியாக நின்றது. யாரோ ஒட்டிய வேலைவாய்ப்பு நோட்டீஸை யாரோ பாதி கிழித்திருந்தார்கள். கிழிந்த இடத்தில் பசை, பசையில் தூசி. கடல் காற்று பட்டுப் பட்டுத் தகட்டின் ஓரங்களில் துரு பூத்திருந்தது. இதில் எதையும் யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. வெயிலும் மழையும் இரும்பும் ஜனமும் சேர்ந்து செய்திருக்கின்றன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் சிற்பத்தைப் பார்க்கும்போதுகூட இப்படிச் சிலிர்த்ததில்லை என்று சொன்னால் வசந்தா கோபித்துக்கொள்வாள் என்பதால் சொல்லவில்லை.

"வாசல் நடுவுல இருக்கற கம்பியைப் பாருங்க" என்று அவள்தான் காட்டினாள். வண்டி முழுக்க அழுக்காக இருக்க, அந்தக் கம்பி மட்டும் வெள்ளிப் பாத்திரம்போல மின்னியது. மேலும் கீழும் மங்கல், நடுவில் ஒரு முழ உயரத்துக்கு மட்டும் மினுமினுப்பு. கைகள். செங்கல்பட்டிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் வருகிற, பீச் ஸ்டேஷன் வரைக்கும் போகிற, எத்தனை லட்சம் கைகளோ. அவற்றில் என் கையும் உண்டு.

அடுத்து வந்த வண்டிக்கு முகப்பில் இன்னும் ஆயுத பூஜை மிச்சமிருந்தது. வாடிய வாழைக்கன்று ஒரு பக்கம் தொங்கியது. சந்தனத்தில் வைத்த குங்குமம் மழையில் கரைந்து, பச்சைப் பெயின்ட்டின்மேல் சிவப்பாக இறங்கியிருந்தது.

"ஐயோ, பாருங்க! நான் வெச்ச மாதிரியே வெச்சிருக்காங்க!" என்று வசந்தா சத்தமாகச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய ரயிலுக்குப் பொட்டு வைத்தவர்களும் சின்ன ரயிலுக்குப் பொட்டு வைத்தவளும் ஒரே கட்சி என்பதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம். வீட்டுக்குப் போனதும் எங்கள் சின்ன ரயிலின் பொட்டைத் துடைக்க நினைத்திருந்தவன் நான்தான். துடைக்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வழிய விட்டேன்.

ஸ்கேல் இல்லாத வேலை

அதற்குப் பிறகு மாடி அறையில் இரண்டு நாற்காலி. அவள் பொடியைக் கலந்து நிறம் பார்ப்பாள், நான் பூசுவேன். "இங்க தண்ணி நிக்காதுங்க, ஓடிரும்" என்பாள். "இந்த மூலையில இன்னும் சேரும், எந்தத் தொடைப்பமும் இங்க போகாது" என்பாள். விபூதியை இந்த முறை அவளே கடையில் தனியாக வாங்கி வந்தாள்.

கை நடுங்கத்தான் செய்தது. பிரஷ் நினைத்த இடத்தில் விழாமல் பக்கத்தில் விழும். நான் நாக்கைக் கடித்துக்கொள்வேன். விலகி நின்று பார்த்தால், அந்தத் தப்பு நிஜமான அழுக்காக இருக்கும். முதல் தடவை, நடுக்கம் இவ்வளவு முற்றாதபோது நான் நிதானமாகப் பூசியதில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரே மாதிரி கறை வந்தது. இப்போது எந்த இரண்டும் ஒன்றாக இல்லை. இந்தக் கையை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

ஐப்பசியில் அதிசயமாக ஒரு நாள் சுள்ளென்று வெயில் அடித்தது. வார்னிஷ் அடித்து முடித்தேன். முன்கண்ணாடியில் பட்டால் மங்கிவிடும் என்று அதை மட்டும் காகிதம் ஒட்டி மறைத்திருந்தேன். கடைசியில் காகிதத்தை எடுத்துவிட்டு, கண்ணாடியில் விபூதியை ஊதி, வைப்பர் போன தடத்தை மட்டும் லேசாகத் துடைத்துவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு தடம். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வேலை இல்லாத முதல் காலை

மாதக் கடைசி நாளில் பிளாட்பாரத்தில் ஏழுமலைக்கு மாலை, கைதட்டல், கேக் எல்லாம் நடந்தது. கூட்டத்தில் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அங்கே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையில் நானும் வசந்தாவும் அவர் வீட்டுக்குப் போனோம்.

ஏழுமலை குளித்து, தலை வாரி, தோளில் துண்டோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"வா சார், வா அக்கா. இன்னா காலங்காத்தால ஜோடியா வந்துகினு கீறீங்க?"

"சும்மாதான் ஏழுமலை. தூங்கினீங்களா?"

"எங்க சார்? ட்யூட்டி நேரத்துக்கு டாண்ணு முழிப்பு வந்துச்சு. குளிச்சிட்டு யூனிஃபார்மத் தேடிகினு கீறேன். கஸ்தூரி பார்த்து சிரிக்குது." உள்ளே காபி கலந்துகொண்டிருந்த அவர் மனைவி கஸ்தூரி சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் பெட்டியைப் பிரித்து ரயிலை அவர் கையில் வைத்தேன். என் கை நடுங்கியதில் அவரே அதைப் பிடித்து வாங்கிக்கொண்டார்.

அடிப்பாகத்தைப் பார்த்தார். வாசல் கம்பியைப் பார்த்தார். நாங்கள் மினுமினுப்பு ஏற்றியிருந்த இடத்தை விரலால் ஒரு முறை தொட்டார். பிறகு முகப்பைத் தன் பக்கம் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். புருவம் சுருங்கியது. எங்கேயோ தப்பு, இது அவர் வண்டி இல்லை, அவ்வளவுதான், எல்லாம் போயிற்று.

ஏழுமலை துண்டின் முனையைச் சுண்டு விரலில் சுற்றினார். முன்கண்ணாடியில் 'ஹா' என்று ஊதினார். துடைக்க ஆரம்பித்தார்.

"ஏழுமலை!" என்று என் கை தானாக முன்னால் போனது. வசந்தா அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க," என்றாள் மெதுவாக. "அவர் வண்டி. அவர் தொடைக்கிறார்."

அவர் காதில் எதுவும் விழவில்லை. தான் உட்காரும் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். மறுபக்கம் விபூதி அப்படியே இருந்தது.

"வைப்பரு வெறும் தண்ணியத்தான் சார் இஸ்துகினு போவும்," என்றார், கண்ணை எடுக்காமலே. "பேப்பர நனைச்சி நானே ஒரு தபா தொடச்சிட்டுதான் வண்டிய எடுப்பேன். தெனமும். குரோம்பேட்டையாண்ட ஜனம் திடுக்குனு குறுக்க பூந்துரும். ஆள் தெரியணும் சார்."

அந்த முதல் பெட்டியில் நான் சாய்ந்து உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போன அத்தனை காலைகளிலும், அந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

ஏழுமலை ரயிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துடைத்த கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார்.

"இப்ப எடுக்கலாம்," என்றார்.